தெருவின் வாழ்நிலையை அறிய எந்த நேரத்தில் போக வேண்டும்?

நீங்கள் செவிலியர் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி. வடசென்னையில் ஒரு குடியிருப்புப் பகுதியை நடந்து பார்த்து, மக்களின் வாழ்நிலை பற்றி அறிக்கை தரச் சொல்லியிருக்கிறார்கள். கையில் நான்கு பக்கப் படிவம். வீடு, குடிநீர், கழிப்பறை, சாலை, பள்ளி என்று வரிசையாகக் கட்டங்கள். அவற்றில் 'உண்டு', 'இல்லை' என்று குறித்தால் போதுமா, வேறு என்ன பார்க்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி. சமூக சுகாதாரம் கற்பிக்கும் ஆசிரியையாக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மாணவிகளோடு இதே தெருக்களில் நடந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: போதாது. உங்கள் படிவம் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கிறது. எப்போது இருக்கிறது என்று கேட்பதில்லை. ஏழை மக்களின் வாழ்நிலையில் பாதி அந்த 'எப்போது' என்பதில்தான் அடங்கியிருக்கிறது.

என் அனுபவத்தில் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் வடசென்னையில் ஒரு பகுதிக்கு எட்டு மாணவிகளைக் காலை பதினொரு மணிக்கு அழைத்துப் போனேன். ஒரே தெருவில் ஏழு அடிபம்புகள். எட்டுப் பேரும் 'குடிநீர் வசதி போதுமானது' என்று எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் தடுப்பூசி முகாமுக்காக விடியற்காலை ஐந்தரைக்கு அதே தெருவுக்குப் போக நேர்ந்தது. ஏழில் மூன்றில்தான் தண்ணீர் வந்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் முப்பது நாற்பது குடங்கள். பெயின்டால் பெயர் எழுதிய குடங்கள், கைப்பிடியில் துணி கட்டி அடையாளம் வைத்த குடங்கள். வரிசையில் நின்றவர்களில் பாதிக்கு மேல் பள்ளிக்குப் போக வேண்டிய பெண் குழந்தைகள். நான் கையெழுத்திட்ட அந்த அறிக்கை இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆகவே முதலில் உங்கள் நடையை நான்கு வேளைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் ஒரு முறை, பள்ளி விடும் நேரத்தில் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு முறை. இரவில் தனியாகப் போக வேண்டாம். அங்கே பணிபுரியும் அங்கன்வாடி ஊழியர் அல்லது நகர்ப்புற சுகாதாரச் செவிலியர் அக்கா ஒருவரோடு போங்கள். பாடப்புத்தகத்தில் இதற்கு 'விண்ட்ஷீல்டு சர்வே' என்று பெயர். காரின் முன்கண்ணாடி வழியே ஊரைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் அமெரிக்கப் பழக்கத்திலிருந்து வந்தது அது. புளியந்தோப்பிலோ காசிமேட்டிலோ ஆட்டோவே நுழையாத சந்துகள் உண்டு. நடந்துதான் ஆக வேண்டும், அதுவே நல்லதும்கூட. காரிலிருந்து நாற்றம் தெரியாது.

என்ன பார்ப்பது என்பதற்கு எனக்கு ஒரே விதிதான். அரசு கட்டிக் கொடுத்ததைப் பார்ப்பதைவிட, மக்கள் தாங்களாகச் செய்துகொண்ட ஏற்பாடுகளைப் பாருங்கள். எங்கே ஒரு வசதி வந்து சேரவில்லையோ அங்கே மக்கள் எதையாவது வைத்து இட்டு நிரப்பியிருப்பார்கள். அந்த ஒட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்கப் பழகினால் ஓட்டை எங்கே என்பது தானாகத் தெரியும்.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் வீட்டு வாசலில் நிற்கும் அடிபம்பு பெரும்பாலும் நிலத்தடி நீரை எடுப்பதற்கானது அன்று. மெட்ரோ வாட்டர் எனப்படும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாயில் அழுத்தம் போதாததால், வந்த தண்ணீரை மேலே இழுக்க வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. அழுத்தம் குறைந்த குழாயிலிருந்து அடித்து இழுக்கும்போது, பக்கத்தில் கசியும் சாக்கடை நீரும் விரிசல் வழியே உள்ளே வரக்கூடும். அதனால்தான் பெண்கள் முதல் இரண்டு குடம் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே ஊற்றுகிறார்கள். இதைக் கண்டால் உடனே எழுதிக்கொள்ளுங்கள். 'முதல் இரண்டு குடம் வீண்' என்ற குறிப்பு, 'குழாய் இணைப்பு உண்டு' என்ற கட்டத்தைவிட ஆயிரம் மடங்கு பேசும். கல்லூரியில் குளோரோஸ்கோப் இருக்கும், தண்ணீரில் எஞ்சிய குளோரினைப் பார்க்கும் சிறு கருவி அது; கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். மருந்து விட்டதும் தண்ணீர் மஞ்சளாக மாற வேண்டும். நம் நாட்டுத் தரப்படி லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். தெருவின் தொடக்கத்தில் ஒரு சோதனை, கடைசி வீட்டில் ஒரு சோதனை. தொடக்கத்தில் மஞ்சளாகி, கடைசியில் நிறமே மாறவில்லை என்றால், இடையில் எங்கோ கெடுகிறது என்று சந்தேகப்பட உங்களுக்குக் காரணம் இருக்கிறது.

வாசலில் வரிசையாக நிற்கும் நீல டிரம்களும் அப்படித்தான். சுகாதார ஆய்வுக்கு வருபவர்கள் மூடாத டிரம்மைக் கண்டால் வீட்டுக்காரரைக் கடிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் முழுக் கொசுவாகிவிடும். வாரம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவச் சொல்வது சரியான அறிவுரைதான். ஆனால் அடுத்த லாரி எப்போது வரும் என்று தெரியாத பெண் எதை நம்பிக் கவிழ்ப்பாள்? 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது நடுத்தர வர்க்கமும் காலிக் குடத்தோடு நின்றது. அந்த ஒரு கோடை நமக்குச் செய்தி. இந்தத் தெருக்களுக்கு அது ஆண்டு முழுவதும் வழக்கம். எனவே டிரம்மில் கொசுப்புழு இருந்த வீடுகளின் சதவீதத்தைக் கணக்கிடும்போது, அதே பக்கத்தில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதையும் எழுதுங்கள். இரண்டையும் பிரித்து எழுதினால் குற்றம் அந்தப் பெண்ணின் தலையில் விழும்.

அடுத்து வாசற்படி. சென்னையில் பழைய தெருக்களின் வரலாறு படிகளில் எழுதியிருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போட்டதால், ஒரு காலத்தில் இரண்டு படி ஏறிப்போன வீட்டுக்குள் இன்று இரண்டு படி இறங்கிப்போக வேண்டியிருக்கிறது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார், ஆனால் அதற்கு முன்பு உயர்ந்த தெரு உயர்ந்ததுதான். இறங்கிப்போகும் வீடுகளை எண்ணுங்கள். வாசலில் சிமென்டால் கட்டிய சிறு தடுப்பு, கட்டிலுக்குக் கீழே அடுக்கிய செங்கல், ஆளுயரத்துக்கு ஏற்றி வைத்த மின்சார மீட்டர், பரணில் ஏறிய பள்ளிப் புத்தகம் எல்லாம் மழைக்காலத்தின் அடையாளங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். ஆண்டு மறந்தவர்கள்கூடச் சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள். அந்த உயரத்தை டேப்பில் அளந்து எழுதுங்கள். கோடையில் போனாலும் மழைக்காலத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

வீட்டு நெரிசலைப் பற்றி ஐக்கிய நாடுகளின் வாழ்விட அமைப்பு வைத்திருக்கும் அளவு, ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது. நீங்கள் யார் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்து எண்ண வேண்டாம், அது அநாகரிகம். இரவு எட்டரைக்கு மேல் நடந்தால் தெரிந்துவிடும். மொட்டை மாடியிலும், மூடிய கடைத் திண்ணையிலும், ஆட்டோவின் பின்சீட்டிலும் படுக்க இடம் தேடும் ஆண்களும் பையன்களும் அந்த எண்ணிக்கையைச் சொல்லிவிடுவார்கள். மருமகள் வந்த வீட்டில் மாமனார் வெளியே படுப்பது எழுதப்படாத ஏற்பாடு. துணிக்கொடியும் உதவும். மாநகராட்சித் தூய்மைப் பணியாளரின் ஒளிரும் மேலங்கி, காவலாளி உடை, துணிக்கடை விற்பனையாளர் புடவை, பள்ளிச் சீருடை, கைக்குழந்தையின் துணி எல்லாம் அதில் தொங்கும். ஒரு தெருவின் பிழைப்பு என்னவென்று ஐந்து நிமிடத்தில் புரியும்.

பொதுக் கழிப்பறைக்கு நான் எப்போதும் தனிக் கவனம் கேட்பேன். பெண்களுக்கு இருபத்தைந்து பேருக்கு ஓர் இருக்கை, ஆண்களுக்கு முப்பத்தைந்து பேருக்கு ஓர் இருக்கை என்று தூய்மை இந்தியா திட்டம் வரையறுத்திருக்கிறது. இருக்கைகளை எண்ணுவது எளிது. அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவைதான் முக்கியம்: உள்தாழ்ப்பாள் விழுகிறதா, பல்பு எரிகிறதா, எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், உள்ளே தண்ணீர் வருகிறதா அல்லது வாளியில் கொண்டுபோக வேண்டுமா, மாதவிலக்குத் துணியைப் போட இடம் இருக்கிறதா. இவற்றை ஆண்களிடம் கேட்டால் பதில் வராது. மாலை ஐந்து மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் பெண்களை எனக்குத் தெரியும். இரவில் அங்கே போகப் பயம். சிறுநீர்ப்பாதைத் தொற்றோடு அவர்கள் நம் புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று சீட்டு எழுதி அனுப்புகிறோம். கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தவர் அப்படி எழுத மாட்டார்.

கடைகளைப் பற்றிச் சுருக்கமாக. பெட்டிக்கடையில் எண்ணெய் பத்து ரூபாய்ப் பாக்கெட்டாகவும், காய்கறி கூறு கட்டியும் விற்றால் தினக்கூலி வாழ்க்கை. அடகுக்கடைகளையும் மருந்துக்கடைகளையும் எண்ணுங்கள். மருந்துக்கடை அதிகமாகவும் மருத்துவர் இல்லாமலும் இருந்தால், காய்ச்சலுக்குக் கடைக்காரரே மாத்திரை கொடுக்கிறார் என்று ஊகித்து விசாரிக்கலாம். காலை பத்து மணிவாக்கில் சிறு நோட்டும் பையுமாக வீடு வீடாக வருபவர் பெரும்பாலும் கடன் தவணை வசூலிக்கும் தண்டல்காரர். அவர் வரும் நேரத்தில் எத்தனை கதவுகள் சாத்திக்கொள்கின்றன என்று பார்த்தால் கடனின் பாரம் தெரியும்.

இப்போது இந்தப் படிவம் முற்றிலும் ஏமாந்துபோகும் ஓர் இடத்தைச் சொல்கிறேன். நீங்கள் வடசென்னையை விட்டுத் தெற்கே கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ போனால் கட்டங்களில் பெரும்பாலும் 'உண்டு' என்றே விழும். கான்கிரீட் வீடு உண்டு, வீட்டுக்குள் கழிப்பறை உண்டு, மின்சாரம் உண்டு. 2000ஆம் ஆண்டு முதல் சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் இருந்த குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடங்கள் இவை. கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள், பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேல். கண்ணகி நகரின் சுவர்களில் 2020இல் வரைந்த பெரிய ஓவியங்களைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நீங்கள் ஓவியத்தைப் பார்த்துவிட்டு, விடியற்காலையில் பஸ் நிறுத்தத்துக்குப் போங்கள். சிந்தாதிரிப்பேட்டையிலும் சேத்துப்பட்டிலும் வாழ்ந்தபோது வேலை செய்த அதே வீடுகளுக்கு, இன்று இருபது கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து பாத்திரம் தேய்க்கப் போகும் பெண்கள் அங்கே நிற்பார்கள். 2021 முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் நான்கு பஸ்ஸைத் தவறவிட்டுக் காத்திருந்த நேரத்தையும், அந்த நேரத்தில் வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளைகளையும் எந்தச் சலுகையும் திருப்பித் தராது. பெரும்பாக்கத்தின் எட்டடுக்குக் கட்டடங்களில் லிப்ட் நின்ற நாளில் மேல்தளத்தில் உள்ள டயாலிசிஸ் நோயாளி எப்படி இறங்குவார் என்று யாரிடமாவது கேளுங்கள். வீடு கிடைத்தது, ஊர் போய்விட்டது என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். வாழ்நிலை என்ற சொல்லுக்குள் அந்த ஊரும் அடங்கும்.

புதுச் சுவரைத் தொட்டும் பாருங்கள். 2021இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் கை பட்டாலே பூச்சு உதிர்ந்தது மாநிலமே பார்த்த செய்தி.

எண்களை எங்கே தேடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அன்றைய சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருந்தவர்களில் சுமார் 29 சதவீதம் பேர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். அரசு ஏற்கெனவே அறிவித்த அல்லது அங்கீகரித்த பகுதிகளைத் தவிர, குறைந்தது 300 பேர் அல்லது 60 முதல் 70 குடும்பங்கள் நெருக்கமாக வாழும் இடத்தைத்தான் அந்தக் கணக்கெடுப்பு அப்படிக் குறித்தது. கால்வாய் ஓரத்தில் அறிவிக்கப்படாத இருபது குடும்பம் மட்டும் இருந்தால் அது கணக்கிலேயே வராது. அதே 2011இன் பிற்பகுதியில் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகி, வார்டுகள் 200 ஆயின. பழைய வார்டு எண்ணை வைத்துப் புதிய வார்டைப் பற்றி எழுதிவிடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் ஐந்தாறு பேராவது இந்தத் தவறைச் செய்கிறார்கள். அங்கன்வாடி ஊழியரின் பதிவேடு இவை எல்லாவற்றையும்விடப் புதியது. எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்கு எடை குறைவு என்று அவருக்குத் தெரியும்.

எழுதும் சொற்களில் கவனம் தேவை. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியமே 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025இல் முதல்வர் அறிவித்தார், அதில் ஒட்டியிருந்த சாதி வசையின் காரணமாக. அந்த மக்கள் தங்கள் தெருவை எந்தப் பெயரால் அழைக்கிறார்களோ அதையே எழுதுங்கள். பார்ப்பவரின் கண்ணில் இருக்கும் அழுக்கு அறிக்கையில் எப்படி இறங்கும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. லண்டனின் வறுமையைத் தெருத் தெருவாக ஆராய்ந்து 1889இல் நிறம் தீட்டிய வரைபடம் வெளியிட்டவர் சார்லஸ் பூத். இந்தத் துறைக்கே முன்னோடி அவர். அவ்வளவு பாடுபட்டவர், மிக ஏழைத் தெருக்களுக்குக் கறுப்பு தீட்டி, அங்கே வாழ்பவர்கள் தீயொழுக்கம் கொண்டவர்கள், பாதிக் குற்றவாளிகள் என்று அடையாளக் குறிப்பும் எழுதிவிட்டார். வருமானத்தை அளக்கப் போனவர் குணத்துக்கும் மதிப்பெண் போட்டார். வடசென்னை என்றாலே சினிமாவில் பார்த்த அரிவாளை நினைத்துக்கொண்டு வரும் மாணவிகளுக்கு இதை நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்.

அதனால் குறையை எழுதும் அதே அக்கறையோடு வலிமையையும் எழுதுங்கள். வடசென்னையின் சந்துகளில் மாலையில் விளக்கெரியும் சிறு அறைகளில் கேரம் மன்றங்கள் நடக்கின்றன. ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா அங்கிருந்து போய் 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்று வந்தார். கண்ணகி நகரின் கார்த்திகா 2025இல் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். ஆடி மாதத்தில் கூழ் வார்க்க யார் பணம் திரட்டுகிறார், வெள்ளத்தில் யார் வீட்டு மாடியில் எல்லோரும் தங்கினார்கள், இரவில் பிரசவ வலி எடுத்தால் யாருடைய ஆட்டோ வரும் என்று கேளுங்கள். நாளை அங்கே ஒரு சுகாதாரத் திட்டம் போட வேண்டியிருந்தால் இந்தப் பெயர்கள்தான் உங்களுக்குத் துணை.

நடத்தை பற்றிச் சில வார்த்தைகள். முதல் நாள் படிவத்தைப் பையிலேயே வைத்திருங்கள். கையில் காகிதத்தோடு வருபவரைக் கண்டால், வீட்டை இடிக்கக் கணக்கெடுக்க வந்தவர் என்று பயப்படும் தெருக்கள் உண்டு, அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. நீங்கள் யார், எந்தக் கல்லூரி, இதனால் அவர்களுக்கு உடனடியாக என்ன கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தண்ணீர் வர ஏற்பாடு செய்கிறேன் என்று வாய்தவறியும் சொல்லாதீர்கள். குளிக்கும் இடம், கழிப்பறை, படுத்திருப்பவர் இவற்றைப் படம் எடுக்காதீர்கள். டீ கொடுத்தால் குடியுங்கள்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. கல்லூரியில் கேட்க மாட்டார்கள், நான் கேட்கிறேன். அறிக்கையைக் கொடுப்பதற்கு முன் அதே தெருவுக்குப் போய், தண்ணீருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். நான் முன்பு சொன்ன அந்தத் தவறுக்குப் பிறகு இதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஒருமுறை என் மாணவி 'ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மணி நேரம் தண்ணீர் வருகிறது' என்று வாசித்தாள். எல்லோரும் தலையசைத்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, 'என் வீட்டுக்கு வருவதில்லை, அம்மா' என்றார். எந்த வீடு என்று கேட்டோம். தெரு முடிகிற இடத்தில் குப்பை மேடு இருந்தது. மூன்று முறை நடந்தபோதும் அதோடு தெரு முடிந்துவிட்டதாக நினைத்துத் திரும்பியிருந்தோம். அந்த மேட்டுக்குப் பின்னால் பதினோரு வீடுகள் இருந்தன.